பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் நடுக்கம்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டு இரண்டாகத் தெரிகிறது. கியர் லீவர் தானாக ஆடுகிறது. இருக்கை வழியாக முதுகில் ஒரு அதிர்வு ஏறுகிறது. முப்பது நாற்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றாவது பழக்கமாகியிருக்கும். உடனே பெரும்பாலோர் செய்வது புது இன்ஜின் மவுண்ட் (இன்ஜினை வண்டி உடலோடு பிணைக்கும் ரப்பர் தாங்கி) வாங்கிப் போடுவது. அதில் சரியாகவில்லை என்றால் பிளக், அப்புறம் கார்புரேட்டர். இப்படி மாற்றிக்கொண்டே போனால் பணமும் போகும், நன்றாக இருந்த பழைய பாகங்களும் போகும்.

நடுக்கம் என்று வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எதன் சுழற்சியோடு சேர்ந்து வருகிறது? காரில் சுற்றுகிற பொருட்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு), அதோடு சேர்ந்த ஃபிளைவீல் என்ற கனமான சக்கரமும் கிளட்சும், பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர், பம்ப், ஃபேன், கியர்பாக்ஸ் ஷாஃப்டுகள், பின்சக்கரங்களை நோக்கிச் சக்தியைக் கொண்டுபோகும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட், சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. நடுக்கத்தின் வேகம் எதோடு பொருந்துகிறதோ அங்கேதான் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஸ்பேனர் தேவையில்லை. இன்ஜினின் சுற்று வேகம் காட்டும் டேக்கோமீட்டர், ஒரு நோட்டு, காலியான சாலை, கூட ஒருவர் இருந்தால் போதும்.

## எப்போது ஆரம்பித்தது?

நடுக்கம் மெல்ல மெல்ல வளர்ந்ததா, ஒரே நாளில் வந்ததா? ரப்பர் இறுகுவது, வால்வு தேய்வது, பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட் ஆட்டம் காண்பது எல்லாம் மாதக்கணக்கில் வளரும். ஒரே நாளில் வந்தது என்றால் அதற்கு முன் கடைசியாக என்ன வேலை நடந்தது என்று பாருங்கள். கிளட்ச் மாற்றியதா, டைமிங் பெல்ட் மாற்றியதா, சைலன்சரைக் கழற்றி மாட்டியதா, டயர் மாற்றியதா?

என் சொந்த அனுபவம் இதற்கு உதாரணம். நான் வைத்திருந்த இரண்டு இருக்கை வண்டியில் 3,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 3,000 சுற்று) மேல் ஒரு ரீங்காரம் வந்தது. மவுண்ட் மாற்றினேன், பிளக் மாற்றினேன், இரண்டு கார்புரேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்தேன். பல மாதம் போன பிறகுதான், அந்த ரீங்காரம் கிளட்ச் வேலை முடிந்த வாரத்தில் தொடங்கியது என்று பில்லைப் பார்த்தபோது உறைத்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், கிளட்ச் டிஸ்க்கை ஃபிளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட் அதன் அடையாளக் கோட்டிலிருந்து தள்ளிப் பூட்டப்பட்டிருந்தது. ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்த்து பேலன்ஸ் செய்யப்பட்ட இன்ஜின் அது. கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டியதும் ரீங்காரம் போய்விட்டது. பில்களை முதலில் பார்த்திருந்தால் மற்ற எதையும் தொட்டிருக்க வேண்டாம்.

## எது இயல்பு?

எல்லா நடுக்கமும் கோளாறு ஆகாது. நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். பார்வைக்கு ஒன்றை ஒன்று சமன் செய்வதுபோல் இருக்கும். ஆனால் கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து நகர்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் போகிறது. அந்த வித்தியாசம் மிஞ்சி, கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை இன்ஜினை மேலும் கீழும் உலுக்கும். 3,000 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 100 முறை. இன்ஜின் பெரிதாகப் பெரிதாக இதுவும் கூடும்.

இதை அடக்க, கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுற்றும் பேலன்ஸ் ஷாஃப்ட் என்ற யோசனையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெடரிக் லான்செஸ்டர் கொண்டுவந்தார். 1970-களில் மிட்சுபிஷி அதை மெருகேற்றியது. 1982-இல் வந்த போர்ஷே 944-இன் 2.5 லிட்டர் இன்ஜினில் மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கியே அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தினார்கள்.

ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜினிலும் போர்ஷே 911 போன்ற படுக்கைவாட்டு ஆறு சிலிண்டரிலும் இந்த மிச்ச உலுக்கல் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்ளும். ஆகவே பழைய நான்கு சிலிண்டர் வண்டி மேல் வேகத்தில் கொஞ்சம் ரீங்கரித்தால் அது அதன் பிறவிக் குணம். ஆறு சிலிண்டர் வண்டி அப்படிச் செய்தால் காரணம் தேட வேண்டும். இன்னொன்று: முந்தைய சொந்தக்காரர் ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டிருந்தால் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, இன்ஜின் குதித்துக் குதித்துத்தான் ஓடும். அதை நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

## சாலையில் மூன்று சோதனைகள்

இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும், டயரில் காற்று சரியாக இருக்கட்டும்.

முதல் சோதனை வண்டி நிற்கும்போது. திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் ஐடிலிங்கிலிருந்து மெதுவாக ரேஸ் கொடுத்துக்கொண்டே போங்கள். எந்த ஆர்பிஎம்மில் நடுக்கம் தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே அடங்குகிறது என்று கூட இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே நடுக்கம் வந்துவிட்டால் சக்கரம் கணக்கில் இல்லை. கியர்பாக்ஸ் முன்னால் இருக்கும் வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இல்லை.

இரண்டாவது, நடுக்கம் வரும் வேகத்துக்குப் போய், நேரான காலிச் சாலையில் நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்கள். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்தால் பிரேக்குக்கு வெற்றிட உதவி போய்விடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். நடுக்கம் குறையாமல் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரம், ஹப் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட். சட்டென்று நின்றால் இன்ஜின் பக்கம் திரும்புங்கள். ஆனால் இழுவை இருக்கும்போது மட்டும் அதிரும் தேய்ந்த ஷாஃப்ட் ஜாயிண்டும் நியூட்ரலில் அடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் மூன்றாவது சோதனை.

மூன்றாவது, அதே சாலை வேகத்தை வேறு வேறு கியரில் பிடியுங்கள். நடுக்கம் குறிப்பிட்ட கி.மீ. வேகத்தில் வருகிறதா, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் வருகிறதா என்பது இதில் தெளிவாகிவிடும். இங்கே பலரும் ஏமாறும் ஒரு இடம் உண்டு. பழைய பின்சக்கர இழுவை வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் முன்னால் இருக்கும், நான்காவது கியர் நேரடி கியர். அதாவது கிராங்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். டயரின் சுற்றளவு 1.85 மீட்டர், பின் ஆக்சில் விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 15 சுற்று, ஷாஃப்ட் 60 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,600. நேரடி கியரில் இன்ஜினும் அதே 3,600-இல் இருக்கும். இரண்டையும் உடம்பால் பிரித்தறிய முடியாது. விகிதம் 1.4 உள்ள மூன்றாவது கியருக்கு இறங்கினால் அதே 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் சுமார் 5,000-க்குப் போய்விடும், ஷாஃப்ட் 3,600-லேயே இருக்கும். இப்போது நடுக்கம் யாரோடு போகிறது என்று பாருங்கள். ரெட் லைனுக்கு (இன்ஜினின் உச்ச வேக வரம்பு) பக்கத்தில் வந்தால் இதையே குறைந்த சாலை வேகத்தில் செய்யலாம்.

அலைபேசியில் அதிர்வை அளக்கும் செயலிகளும் உதவும். ஆனால் நொடிக்கு 100 முறை அளக்கும் செயலி 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பத்தகுந்த விடை தரும். சக்கரத்தின் 15 ஹெர்ட்ஸைப் பிடிக்க அது தாராளம், ஷாஃப்டின் 60 ஹெர்ட்ஸுக்குப் போதாது.

## கிளட்ச், அப்புறம் பெல்ட்

வண்டி நிற்கும்போதே நடுக்கம் வருகிறது என்றால், அது உச்சமாக இருக்கும் ஆர்பிஎம்மில் ரேஸைப் பிடித்துக்கொண்டு கிளட்சை முழுதாக மிதியுங்கள். நடுக்கம் மாறினால் கிளட்ச் டிஸ்க், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், ரிலீஸ் பேரிங் மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். மாறாவிட்டால் கிளட்ச் நிரபராதி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கிளட்சை மிதித்தாலும் ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும் கிராங்கோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

அடுத்து வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மிகாமல் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் தண்ணீர் சுற்றாது, அதனால் அந்த ஒரு நிமிடக் கணக்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். நடுக்கம் மறைந்தால் ஆல்டர்னேட்டர், பம்ப், ஃபேன் ஒவ்வொன்றையும் கையால் சுழற்றி ஆட்டம் பாருங்கள். ஓரத்தில் உடைந்த ஃபேன் இலை ஒன்று போதும், இன்ஜினையே உலுக்கும். தளர்ந்த சட்டைக் கையோ நீண்ட முடியோ சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

## ஐடிலிங்கில் மட்டும் நடுங்கினால்

பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இந்த வகைதான். ரேஸ் கொடுத்தால் சரியாகிறது, நின்றால் குலுங்குகிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டர் தன் பங்கைச் செய்யவில்லை. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். இதற்கு ஒரு தாளம் உண்டு. 800 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு சுமார் 27 முறை எரியும், அது காதுக்குத் தொடர்ச்சியான ஒலி. ஒரு சிலிண்டர் மட்டும் செத்தால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரு இடைவெளி விழும். நொடிக்கு ஏழுக்கும் குறைவான உதறல் அது. சைலன்சர் வாயில் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் காற்று தட்டித் தட்டி வருவது தெரியும். உதறல் ஒரே சீராக வந்தால் ஒரே சிலிண்டர். முறையில்லாமல் வந்தால் கலவை, காற்றுக் கசிவு, டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற பொதுவான ஒன்று.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க எளிய வழி: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். கையால் தொட வேண்டாம். மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும் குழாய்தான் விடை. பழைய முறை, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தி ஆர்பிஎம் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. நிறுத்தியும் ஆர்பிஎம் விழவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. ஆனால் பிளக் வயரைப் பிடுங்கி அந்தரத்தில் விடாதீர்கள். உயர் மின்னழுத்தம் வெளியேற வழியில்லாமல் காயிலையோ எலக்ட்ரானிக் இக்னிஷனையோ கெடுக்கும். இன்ஜினை அணைத்து, வயரில் ஒரு உபரி பிளக்கை மாட்டி, அதன் உடலை இன்ஜின் உலோகத்தோடு கிளிப் வைத்துப் பிணைத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் ஸ்பார்க்கை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சேரும். அங்கே இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றுவதே சரி.

இரண்டு கார்புரேட்டர் வண்டியில் ஒரே கார்புரேட்டர் ஊட்டும் இரண்டு சிலிண்டரும் சோர்ந்திருந்தால் அந்தக் கார்புரேட்டரைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் என்றால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கவும் கூடும்.

இப்போது பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை. எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கலவை மெலிந்து சூடு ஏறியிருக்கிறது. மற்றவை நிறமேறியிருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து மின்சாரம். கார்புரேட்டர்மேல் போடப்படும் பழியில் பாதி உண்மையில் இக்னிஷனுடையது என்பது என் உறுதியான எண்ணம், அதனால் எப்போதும் இதை முன்னால் வைக்கிறேன். இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு வயர்களைப் பாருங்கள். நீல மினுக்கல் தெரிந்தால் அங்கே காப்பு கெட்டுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே மயிரிழை போன்ற கரிக்கோடு இருக்கிறதா? ரோட்டார் முனை அரித்திருக்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா? பிறகு கிராங்க் புல்லியில் உள்ள டைமிங் குறிமேல் டைமிங் லைட் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) அடித்துப் பாருங்கள். குறி ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் தாவினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் ஆட்டம், அல்லது டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது.

அப்புறம் கம்ப்ரஷன். சூடான இன்ஜின், எல்லா பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், இக்னிஷனும் பெட்ரோலும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்டார்ட்டரை ஒரே அளவு சுழற்றுங்கள், ஐந்தாறு அழுத்தம் போதும். தனித்தனி எண்களைவிட அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மிக அதிகமான எண்ணுக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் நடுவே வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குமேல் போனால் கவலைப்பட வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுத் திரும்ப அளந்து, எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) மிகக் குறைந்து வால்வு முழுதாக மூடாமல் போனாலும் இதே அறிகுறிதான், ஆகவே ஹெட்டைக் கழற்றும் முன், அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுங்கள்.

காற்றுக் கசிவை ஐடிலிங்கில்தான் பிடிக்க முடியும். வெற்றிட அளவியை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினால், சாதாரண கேம் உள்ள நல்ல இன்ஜின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குல பாதரச அளவில் ஆடாமல் நிற்கும். சீரான இடைவெளியில் ஊசி துடித்தால் ஒரு வால்வு. எப்போதும் கீழேயே நின்றால் கசிவோ தாமதமான டைமிங்கோ. கசியும் இடத்தைத் தேட எரியக்கூடிய திரவத்தைச் சூடான இன்ஜினில் பீய்ச்சுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மின் பாகங்களை விட்டு விலகி மேனிஃபோல்ட் இணைப்புகளில் மெல்லத் தண்ணீர் தெளித்தாலே ஓட்டம் மாறுவது தெரியும். புகை செலுத்திப் பார்க்க வசதியிருந்தால் அது இன்னும் நல்லது.

டாப்பெட், இக்னிஷன், கசிவு மூன்றும் சரியான பிறகே கார்புரேட்டர்களைச் சமப்படுத்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்தால் இரண்டின் சீறலும் ஒரே சுருதியில் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம்.

## இன்ஜின் சரி, ஆனாலும் உடம்பு நடுங்குகிறது

இன்ஜின் சீராக ஓடுகிறது, டேக்கோ ஊசி அசையவில்லை, ஆனால் இருக்கை அதிர்கிறது. இப்போதுதான் மவுண்டின் முறை. பானட்டைத் திறந்து, ஒருவர் கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாகக் கடிக்க விடட்டும், பிறகு ரிவர்ஸில். நீங்கள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் ஒரு பக்கம் எழும்பினால் அந்த மவுண்ட் கிழிந்திருக்கிறது. எழும்பவே இல்லை என்றால் ரப்பர் கல்லாகியிருக்கலாம். எண்ணெய் நிரம்பிய மவுண்டில் கருங்கசிவும் அமுங்கிய உயரமும் அடையாளம். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்து மவுண்ட் சூட்டில் சீக்கிரம் சாகும். பாலியூரித்தேன் மவுண்ட் போட்டிருந்தால் ஆரோக்கியமான நான்கு சிலிண்டரும் ஐடிலிங்கில் நடுங்கும், அதைத் திரும்ப ரப்பருக்கு மாற்றுவதுதான் வழி.

மவுண்டைவிட அதிகம் கவனிக்காமல் விடப்படுவது சைலன்சர் குழாய். குழாய் எங்காவது தரைத்தகட்டைத் தொட்டால் இன்ஜினின் அதிர்வு முழுவதும் ரப்பரைத் தாண்டி நேராக உடலுக்குள் வந்துவிடும். ஜாக் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஆறிய குழாயைக் கையால் எல்லாப் பக்கமும் தள்ளிப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த இடம் இருந்தால் அங்கேதான் தொடுகிறது. குழாய் சூட்டில் நீளும், எனவே ஆறியிருக்கும்போது ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும்.

## ஆர்பிஎம் ஏற ஏற நடுக்கம் ஏறினால்

இது எடை சமனில்லாத சுழலும் பொருளின் குணம். கிராங்க் புல்லியில் ஆரம்பியுங்கள். உள் மையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். மூன்றின் குறுக்கேயும் பெயிண்ட்டால் ஒரு நேர்க்கோடு போட்டு, சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் வளையம் வழுக்குகிறது. அதோடு டைமிங் குறியும் பொய் சொல்லும், அதை நம்பி வைத்த இக்னிஷனும் தப்பாகும். இப்படிப்பட்ட புல்லியோடு நெடுநாள் ஓட்டினால் கிராங்குக்கே ஆபத்து.

பேலன்ஸ் ஷாஃப்ட் உள்ள இன்ஜினில், பெல்ட் ஒரு பல் தவறினாலும் ஷாஃப்ட் நடுக்கத்தை அடக்குவதற்குப் பதில் கூட்டும். பெல்ட் மாற்றிய பிறகு வந்த ரீங்காரம் என்றால் மூடியைக் கழற்றிக் குறிகளைச் சரிபாருங்கள். ஓவராலிங் முடிந்த பிறகு வந்தது என்றால், பிஸ்டனும் ராடும் எடை பொருத்தப்பட்டனவா, ஃபிளைவீல் மாற்றப்பட்டதா என்று வேலை செய்தவரிடம் கேளுங்கள்.

நடுக்கத்தோடு ஆழமான தட்டும் சத்தமும், சூடானதும் விழும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்தால் சோதனை எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்துங்கள். அது பேரிங். வீட்டுக்கு ஓட்டிப்போகலாம் என்று நினைக்காமல் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

## சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே சாலை, அதே கியர், அதே சூடு, அதே டயர் காற்று, முதல் நாள் எழுதிய அதே நோட்டு. புது மவுண்ட் போட்டிருந்தால் எல்லா போல்ட்டையும் உடனே இறுக்க வேண்டாம். தளர்வாக விட்டு, இன்ஜினின் முழு எடையும் மவுண்டில் இறங்கிய பிறகு இன்ஜினைக் கையால் நான்கைந்து முறை அசைத்து, அது தானாக உட்காரும் இடத்தில் இறுக்குங்கள். முறுக்கிய நிலையில் இறுக்கிய புது ரப்பர், பழைய கிழிந்த ரப்பரைப் போலவே நடுக்கத்தை உள்ளே அனுப்பும்.